நிழலில் தப்பும் கிருமி

தொற்றுநீக்கத்தின் வரலாறு – 11

சார்ள்ஸ் சம்பர்லான்ட் 1879இல் செய்த நீராவிக் கலனைச் சென்ற இதழில் பார்த்தோம். கத்தியும் கத்தரியும் இடுக்கியும் துணியும் அதற்குள் போனால் கிருமியற்று வெளியே வரும். கட்டில் அதற்குள் போகாது. மெத்தை, சேலைன் தொங்கவிடும் கம்பம், ட்ரொலி, சுவாச இயந்திரத்தின் வெளிப்புறம், நோயாளி இருமிவிட்டுப் போன அறையின் காற்று, இவற்றை எந்தக் கலனில் அவிப்பது? இந்த மிச்சத்துக்கு வைத்தியசாலைகள் வழி தேடியபோதுதான் கழியூதாக் கதிர் (தமிழ்நாட்டில் புற ஊதா என்பார்கள்) உள்ளே வந்தது. இருமுறை பெரும் நம்பிக்கையோடு வந்தது. இடையில் பல ஆண்டுகள் பெரும்பாலான வைத்தியசாலைகள் அதை மறந்தே போயின. ஏன் அப்படி நடந்தது என்பதே இந்த இதழின் கதை.

கதையின் முதற்பாதி மட்டக்களப்பு வாவியின் இரு கரையாருக்கும் பழக்கமானது. அம்மை கண்டு தண்ணீர் வார்த்த வீட்டில் பாயும் தலையணையும் முற்றத்து வெள்ளை மணலில் வெயில் காயும். படுவான்கரையின் பல ஊர்களுக்கு மின்சாரம் மிகப் பிந்தியே போனது. போர்க்காலத்தில் எழுவான்கரையிலும் அது வந்து வந்து போனது. அந்த நாட்களில் கையில் இருந்தவை விறகடுப்பில் கொதித்த நீரும் உச்சி வெயிலும்தான். வாவிக்குள் இருக்கும் மாந்தீவில் பிரித்தானியர் காலத்தில் தொழுநோயாளருக்கு வைத்தியசாலை அமைந்ததும் இத்தகைய கையறு நிலையில்தான். கிருமியை அழிக்க மருந்து இல்லாதபோது, கிருமி இருந்த மனிதரையே தண்ணீருக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தார்கள். சல்போன் மருந்துகள் 1940களில் வந்தன. 1980களின் தொடக்கத்தில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. அதன் பிறகுதான் அப்படிப் பிரித்து வைப்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் மிஞ்சவில்லை. அங்கே ஆயுளைக் கழித்தவர்களின் கதைக்குத் தனி இதழே வேண்டும்.

வெயிலை நம்பியது வீண் நம்பிக்கை அல்ல. ஆதர் டவுன்ஸ், தோமஸ் பிளன்ட் என்ற இரு ஆங்கிலேயர்கள் அதை 1877இல் சோதனை செய்து காட்டினார்கள். பற்றீரியா நன்றாகப் பெருகும் ஊட்டக் கரைசலைச் சோதனைக் குழாய்களில் ஊற்றி வெயில் படும் இடத்தில் வைத்தார்கள். சில குழாய்களை மட்டும் மெல்லிய ஈயத் தகட்டால் சுற்றினார்கள். வெயிலும் வெப்பமும் காற்றும் எல்லாவற்றுக்கும் ஒன்றே. வேறுபாடு ஒளி மட்டும். சில நாட்களில் ஈயம் சுற்றிய குழாய்கள் கலங்கின. ஒளி பட்டவை தெளிவாகவே இருந்தன. செந்நிற ஒளியைவிட நீல, ஊதாப் பக்கத்து ஒளிக்கே இந்த வலிமை அதிகம் என்பதையும் கண்டார்கள். ஊதாவுக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒன்று உண்டு என்பதை ஜேர்மனியில் யொகான் ரிட்டர் 1801லேயே வெள்ளிக் குளோரைட்டைக் கறுக்கவைத்துக் காட்டியிருந்தார். அந்தக் கதிருக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டாக எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

1882இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த ரொபேட் கொக் 1890இல் இன்னொன்றையும் சொன்னார். நேரடி வெயிலில் அக்கிருமி இறந்துவிடும். படிந்திருக்கும் படையின் தடிப்பைப் பொறுத்து அதற்குச் சில நிமிடங்களும் ஆகலாம், சில மணித்தியாலங்களும் ஆகலாம். படையின் தடிப்பு என்ற அந்த நிபந்தனையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கதிரை வைத்து வைத்தியசாலைகள் பின்னாளில் செய்த தவறுகளில் பெரும்பங்கு அதை மறந்ததால் வந்தது.

டென்மார்க்கின் நீல்ஸ் பின்சன் நோயாளியாகவே வாழ்ந்த மருத்துவர். முகத்தைத் தின்னும் தோல் காசநோயால் ஒதுக்கப்பட்டவர்களைக் கார்பன் வில் விளக்கின் முன் அமர்த்திச் சிகிச்சை செய்தார். விளக்கின் ஒளியைக் குளிர்ந்த நீர் வழியே செலுத்தி, வில்லையால் குவித்து, ஒரு காசளவு தோலில் விழச் செய்வார். அருகில் ஒரு தாதி அந்த இடத்தை ஒரு வில்லையால் அழுத்திப் பிடித்தபடி நெடுநேரம் நிற்க வேண்டும். இரத்தம் ஒளியை மறிக்கும் என்பதால் அழுத்தி அதை விலக்குவது அவர் வேலை. 1903இல் பின்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டே, 43ஆவது வயதில் இறந்துபோனார். அந்த விளக்குகளையும் வில்லைகளையும் ஒரு நூற்றாண்டு கழித்து டென்மார்க் ஆய்வாளர்களே அளந்து பார்த்தார்கள். 340 நனோமீற்றருக்குக் குறைந்த அலைகள் தோலை எட்டியிருக்கவே முடியாது என்று தெரிந்தது. நோயாளிகள் குணமானது உண்மை. அதற்குப் பின்சன் கருதிய காரணம்தான் வேறாக இருந்திருக்கிறது.

சாதாரணக் கண்ணாடி குறுகிய கழியூதாக் கதிரை விடாது, குவாட்ஸ் விடும். குவாட்ஸ் குழாய்க்குள் பாதரச ஆவியை ஒளிரவைக்கும் விளக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியில் உருவானது. 1910இல் பிரான்சின் மார்செய் நகரில் குடிநீரை அதன் முன் ஓடவிட்டுப் பார்த்தார்கள். நியூயோர்க்கின் ரொக்பெல்லர் நிறுவனத்தில் பிரெடெரிக் கேட்ஸ் பற்றீரியாவை ஒவ்வோர் அலைநீளமாகத் தாக்கி, 265 நனோமீற்றர் அளவில் அவை மிக எளிதில் சாகின்றன என்று 1930 வாக்கில் கண்டார். அந்த வரைபும் நியூக்ளிக் அமிலம் ஒளியை உறிஞ்சும் வரைபும் ஒன்றாகவே இருந்தன. பரம்பரைப் பொருள் டி.என்.ஏ.தான் என்று ஏவரி குழுவினர் காட்டியது 1944இல். அதற்குப் பத்தாண்டுக்கு மேல் முன்னரே கேட்ஸின் வரைபு அந்த இடத்தைச் சுட்டிக்கொண்டிருந்தது. தாழ் அழுத்தப் பாதரச விளக்கு உமிழும் கதிர் 253.7 நனோமீற்றர், உச்சத்துக்கு மிக அருகில். யாரும் திட்டமிட்டதல்ல, பாதரசத்தின் இயல்பு அது. இந்தக் கதிர் பட்டால் டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்து இருக்கும் தைமீன்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு கிருமியால் தன்னைப் படியெடுத்துப் பெருக முடியாது. இத்தனை குறுகிய அலை நம் முற்றத்து வெயிலில் இல்லை. ஓசோன் படை அதை மேலேயே மறித்துவிடுகிறது. பாயில் விழும் வெயில் நீண்ட அலைகளாலும் உலரவைப்பதாலும் மெல்ல மெல்ல வேலை செய்கிறது. விளக்கு அதை நிமிடக் கணக்கில் செய்கிறது.

இனி வைத்தியசாலைக்குள் வருவோம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் சத்திரசிகிச்சைப் பேராசிரியராக இருந்த டெரில் ஹார்ட், எவ்வளவு கவனமாக இருந்தும் நெஞ்சறைச் சத்திரசிகிச்சைகளில் காயங்கள் பழுத்து நோயாளிகள் இறப்பதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் தவித்தார். கருவிகள் கிருமியற்றவை; கைகள் கழுவியவை. மிஞ்சியது காற்று. அதனால் சத்திரசிகிச்சைக் கூடத்தில் கழியூதா விளக்குகளைத் தொங்கவிட்டு, அவற்றை எரியவிட்டபடியே சத்திரசிகிச்சை செய்தார். 1936இல் அதன் பலனை வெளியிட்டார். கூடத்தில் நின்ற எல்லோரும் தலையையும் கழுத்தையும் மூடி, கண்ணுக்குக் காப்பும் போட வேண்டியிருந்தது. இல்லையென்றால் சில மணித்தியாலங்களில் தோல் சிவந்து எரியும். கண்ணுக்குள் மணல் விழுந்ததுபோல உறுத்தி நீர் வடியும்.

அதே காலத்தில் வில்லியம் வெல்ஸ் என்ற பொறியியலாளர், தும்மலில் தெறிக்கும் துளி காய்ந்து சுருங்கிக் காற்றில் நெடுநேரம் மிதக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிலடெல்பியாப் பகுதிப் பாடசாலைகளில் வகுப்பறையின் மேற்பகுதியில் கதிர் மட்டும் படும்படி விளக்குகளைப் பொருத்தினார். 1941இல் அங்கே சின்னமுத்து பரவியபோது, விளக்கு இருந்த வகுப்புகளில் அது மிகக் குறைவாகவே தொற்றியது. அவருடைய மாணவர் ரிச்சட் றைலி 1950களின் பிற்பகுதியில் பால்டிமோர் வைத்தியசாலை ஒன்றில் அதைவிடத் துணிந்த சோதனையைச் செய்தார். காசநோயாளர் விடுதியின் காற்றைக் குழாய் வழியே மேலே கொண்டுபோய்க் கினிப்பன்றிகளின் கூடுகளில் விட்டார். அவற்றுக்குக் காசநோய் வந்தது. அதே காற்றைக் கழியூதா விளக்கின் வழியே விட்ட கூட்டில் ஒன்றுக்கும் வரவில்லை. காசநோய் காற்றால் பரவும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை எவரும் கொடுத்ததில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் விளக்குகள் அணைந்தன. ஒரு காரணம் மருந்து. ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் கண்டறியப்பட்டது. மற்ற மருந்துகளும் தொடர்ந்து வந்தன. சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், மருந்தை ஒழுங்காக எடுத்தால் வீட்டில் இருப்பவரும் சானற்றோரியத்தில் இருப்பவரைப் போலவே குணமாவார் என்று 1959இல் காட்டியது. ஏழைகளுக்குப் பெரும் விடுதலை கொடுத்த முடிவு அது. தமிழர் பெருமைப்பட வேண்டிய ஆய்வும்கூட. ஆனால் மருந்து இருக்கிறதே என்ற தெம்பில் காற்றைப் பற்றிய அக்கறை உலகெங்கும் தளர்ந்துபோனது.

மற்றக் காரணம் ஓர் ஆய்வறிக்கை. அமெரிக்க தேசிய ஆய்வுக் கழகம் ஐந்து வைத்தியசாலைகளில் 15,000க்கும் மேற்பட்ட சத்திரசிகிச்சைகளைத் தொடர்ந்து பார்த்து 1964இல் முடிவை வெளியிட்டது. கதிர் பட்ட கூடத்தில் காற்றுக் கிருமி குறைந்தது உண்மை. மொத்தத்தில் பார்த்தால் காயம் பழுப்பதோ குறையவில்லை. இரண்டு பக்கத்திலும் ஏறத்தாழ 7.5 வீதம். மிகச் சுத்தமான சத்திரசிகிச்சைகளில் மட்டும் 3.8 வீதம் 2.9 ஆனது. விளக்கு பயனற்றது என்று பலர் இதை வாசித்தார்கள். நான் அப்படி வாசிக்கவில்லை. பெரும்பாலான காயங்களுக்குள் கிருமி போவது நோயாளியின் சொந்த உடலிலிருந்தும் தொட்ட கையிலிருந்தும். அங்கே கதிருக்கு வேலையே இல்லை. வேறு வழியெல்லாம் அடைபட்டு, காற்று ஒன்றுதான் மிச்சம் என்ற இடத்தில் அது பயன்பட்டிருக்கிறது. விளக்கின் எல்லை எது என்று சொன்ன அறிக்கையை விளக்குக்கு எதிரான தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்கள்.

மருந்துக்கு மசியாத காசநோய் 1980களின் இறுதியில் நியூயோர்க் வைத்தியசாலைகளில் பரவியபோது றைலியின் கினிப்பன்றிகள் மறுபடி நினைவுக்கு வந்தன. அடுத்து மருந்தெதிர்ப்புப் பற்றீரியாக்கள். நோயாளி வீடு போன பிறகும் கட்டில் விளிம்பில் தங்கி, அதே கட்டிலுக்கு வரும் அடுத்தவரைப் பிடித்துக்கொள்பவை அவை. இம்முறை விளக்கு சக்கரம் பூட்டிய கோபுரமாக அறைக்குள் உருண்டு வந்தது. பலனை ஒழுங்காகச் சோதித்தவர்களும் டியூக் பல்கலைக்கழகத்தாரே. ஒன்பது வைத்தியசாலைகளில் நடந்து 2017இல் வெளியான அந்த ஆய்வில், வழக்கமான துப்புரவுக்குப் பிறகு கழியூதாக் கதிரும் பாய்ச்சிய அறைகளுக்கு வந்த அடுத்த நோயாளிகளிடம் அந்தக் கிருமிகள் தொற்றுவது ஏறத்தாழ 30 வீதம் குறைந்தது. வயிற்றோட்டம் உண்டாக்கும் கிளொஸ்ட்ரிடியம் டிபிசில் கிருமிக்கு வெளிற்றும் திரவத்தால் துடைத்த அறையில் கதிரையும் சேர்த்தபோது கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை.

துப்புரவுக்குப் பிறகு என்ற சொற்களில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. நோயாளி வீடு போனதும் சிற்றூழியர் விரிப்பை அகற்றுகிறார், மெத்தையின் இருபுறமும், கட்டில் விளிம்பு, அழைப்பு மணியின் பொத்தான், கதவுப்பிடி என்று சவர்க்காரமும் கிருமிநாசினியும் கொண்டு துடைக்கிறார், காயவிடுகிறார். அதன் பின்பே விளக்கு உள்ளே வரும். அலுமாரிக் கதவையும் இழுப்பறையையும் திறந்து வைத்து, எல்லோரும் வெளியேறி, கதவைச் சாத்தி, அறிவித்தல் தொங்கவிட்டு, வெளியிலிருந்தே ஆளியைப் போட வேண்டும். முதலில் கட்டிலின் ஒரு பக்கம், பிறகு விளக்கை நகர்த்தி மறுபக்கம். கதிர் நேர்கோட்டில் போகும், வளையாது. கட்டில் சட்டத்தின் கீழ்ப்புறம், கம்பத்தின் பின்புறம், சுருண்டு கிடக்கும் வயரின் உள்மடிப்பு ஆகிய இடங்களில் விழும் நிழலில் கிருமி பத்திரமாக இருக்கும். காய்ந்த இரத்தத்தின், சளியின், தூசியின் அடியிலும் அப்படியே. கொக் 1890இல் படையின் தடிப்பு என்று சொன்னது இதைத்தான். தூரம் இரட்டித்தால் கதிரின் வலிமை வெகுவாக இறங்கிவிடும். ஒன்றரை மீற்றரில் கணக்கிட்ட நேரம் மூன்று மீற்றரில் இருக்கும் கதவுப்பிடிக்குப் போதாது.

2020இல் உலகமே இந்த விளக்கைத் தேடி ஓடியது. அந்த மார்ச் மாதம் இத்தாலியிலிருந்தும் தென்கொரியாவிலிருந்தும் வந்தவர்களை மட்டக்களப்பு மாவட்டத்தின் புணானையில் பல்கலைக்கழகக் கட்டடமொன்றில் தனிமைப்படுத்தினார்கள். காத்தான்குடி ஆதார வைத்தியசாலை கொவிட் நோயாளருக்கான வைத்தியசாலையாக மாறியது. முகக்கவசத்துக்கு உலகெங்கும் பஞ்சம். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மருத்துவ மையத்தில் ஒருவர் அணிந்த என்95 கவசத்தில் அவர் பெயரை எழுதி, அறைக்குக் குறுக்கே கட்டிய கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டு, இரண்டு பக்கமும் கழியூதாக் கோபுரங்களை நிறுத்திக் கதிர் பாய்ச்சினார்கள். பிறகு அவரவர் கவசம் அவரவருக்கே திரும்பிப் போனது. ஒருமுறை மட்டும் அணிய வேண்டிய பொருள் அது. பஞ்சம் தீரும்வரை என்ற நிபந்தனையோடுதான் அனுமதித்தார்கள். இந்தியப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் அந்த மே மாதம் ஒரு கோபுரத்தை அறிவித்தது. 43 வாற்று விளக்குகள் ஆறு. 12 அடிக்கு 12 அடி அறைக்குப் பத்து நிமிடம். இன்னொரு பக்கம், கையில் பிடித்து ஆட்டும் சிறுவிளக்குகளைக் கடைகள் விற்றன. கையையும் தோலையும் இவ்விளக்கால் கிருமிநீக்கம் செய்யாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கும் நிலை வந்தது.

அந்த அவசரத்தின் மிச்சமாக நீல ஒளி வீசும் பெட்டிகள் சலூனிலும் பல் வைத்தியரிடமும் சிறு சிகிச்சை நிலையங்களிலும் இன்றும் இருக்கின்றன. இதில் எனக்கு உண்மையான கவலை உண்டு. மருத்துவப் பொருட்களை எப்படிப் பிரிப்பது என்று பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்து ஏர்ல் ஸ்போல்டிங் 1968இல் எழுதியது இன்றும் உலகெங்கும் நடைமுறையில் உள்ளது. உடலுக்குள் புகும் கருவி முற்றாகக் கிருமியற்றதாக வேண்டும். அதற்கு ஓட்டோகிளேவ் என்ற நீராவிக் கலன் வேண்டும். ஈரமான உட்தோலைத் தொடும் கருவிக்கு அடுத்த நிலைக் காப்பு. உடலின் மேல்தோலை மட்டும் தொடும் பி.பி. கருவி, கட்டில், ட்ரொலி போன்றவற்றுக்குத் துப்புரவும் கிருமிநாசினியும். கழியூதாக் கதிருக்கு முதன்மையான இடம் இந்தக் கடைசி வகையில்தான், அதுவும் துணையாக. பல் பிடுங்கும் குறடை நீலப் பெட்டிக்குள் வைத்து எடுத்தால் அது சுத்தமாகிவிடாது. அதன் மூட்டு இடுக்குக்குள் ஒளி போவதில்லை. ஓட்டோகிளேவில் சுத்தமாகி வந்த குறடை அந்தப் பெட்டியில் வைத்திருக்கலாம், அவ்வளவே. பச்சிளங் குழந்தைகளின் மஞ்சட்காமாலைக்கு விடுதியில் எரியும் நீல விளக்கும் இதுவும் ஒன்றல்ல. அது கண்ணுக்குத் தெரியும் நீல ஒளி. குழந்தைக்கு ஆகாதது இந்தக் கதிர்.

வாவிக்கரைக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. காற்றின் ஈரப்பதன் 70 வீதத்தைத் தாண்டினால் மிதக்கும் கிருமிமேல் இக்கதிரின் வலிமை குறையும் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. மாரிகாலத்தில் நமக்கு அது அன்றாட நிலை. உப்புக் காற்றும் தூசியும் விளக்கின் குழாயில் படிந்தால் அந்தப் படையே கதிரை மறிக்கும். மதுசாரத்தில் நனைத்த துணியால் அடிக்கடி துடைக்க வேண்டும். எல்லாவற்றிலும் பெரிய ஏமாற்று, கிழண்டுபோன விளக்கும் நீலமாக எரிந்துகொண்டிருப்பது. கண்ணுக்குத் தெரியும் அந்த நீலம் பாதரசத்தின் வேறு அலைகள். கிருமியைக் கொல்லும் 253.7 நம் கண்ணுக்கே தெரியாதது. ஏறத்தாழ 9,000 மணித்தியாலம் எரிந்ததும் குழாயை மாற்ற வேண்டும் என்பது வழமை. இடையில் கதிரளவுமானி கொண்டு அளந்தும் பார்க்க வேண்டும். எனவே வைத்தியசாலைக்கு இயந்திரம் அன்பளிக்க விரும்பும் வெளிநாட்டு உறவுகளுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: கோபுரத்தோடு கதிரளவுமானியையும், மூன்று நான்கு ஆண்டுக்கான மாற்றுக் குழாய்களையும், அதைத் தள்ளிச் செல்லப்போகும் சிற்றூழியருக்குக் கண்காப்பையும் பயிற்சியையும் சேர்த்தே கொடுங்கள். அவ்வளவுக்குப் பணம் இல்லையென்றால் கோபுரத்தை விட்டுவிட்டு, கையுறை, துடைக்கும் துணி, கிருமிநாசினி, இன்னும் இரண்டு துப்புரவுப் பணியாளரின் சம்பளம் என்று கொடுங்கள். டியூக் ஆய்வு காட்டிய பலன் முழுவதும் ஏற்கெனவே துடைத்த அறையில் கிடைத்தது.

நீராவியைத் தாங்காத, ஒளியும் நுழையாத கருவிகள் இன்னும் மிச்சம் இருக்கின்றன. வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பின் உள்ளே ஒரு மீற்றருக்கு மேல் நீண்டு ஓடும் மெல்லிய குழாய், நெகிழிக் கதீற்றர்கள் என்று பட்டியல் நீளும். அவற்றுக்காக வைத்தியசாலைகள் கையிலெடுத்தது எளிதில் தீப்பற்றக்கூடிய, புற்றுநோயும் தரக்கூடிய ஒரு வாயு. எதிலீன் ஒக்சைட்டின் கதையை அடுத்த இதழில் தொடங்குவோம்.